கூப்பிடாமல் வராத அணுக்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அம்மா, கம்பெனியில் காலை ஷிஃப்டில், அசெம்பிளி லைனில் நின்றபடியே மயங்கி விழுந்தாள்.

2. ஆஸ்பத்திரியில் ரத்தம் மிகக் குறைவு என்று சொல்லி ஏற்றினார்கள். இந்த வயதுப் பெண்களுக்கு இது சகஜம் என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

3. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்ததால், அம்மா சரியாக ஊற்றாமல் விட்டுவந்த கழிப்பறைக்குள் நான் போனேன்.

4. வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண். ரத்தம் அங்கிருந்துதான் கசிந்துகொண்டிருந்தது.

5. அப்படிப்பட்ட புண்ணை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று அங்கேயே ஒரு சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது.

6. வயிற்றிலிருந்து கிள்ளியெடுத்த சதைத் துணுக்குகளை ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். அது நான் வேலை பார்க்கும் லேப்.

7. நான் அவற்றை வெட்டினேன்.

மூன்றாவதை விரித்துச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும். அது பச்சை கலந்த கறுப்பு. நாற்றத்தில் புதிதாக ஒன்றும் இருக்காது. நான் பார்த்தது வேறு. சாலை போடும்போது டிரம்மில் உருகும் தாரைப் போல மினுமினுத்தது. பீங்கானில் ஒட்டிக்கொண்டு, இருந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியும் நகராமல் கிடந்தது. கசாப்புக் கடைச் சாக்கடையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த நாற்றம். ரத்தம் வயிற்றுக்குள் செரித்தால் இப்படித்தான் வெளியே வரும் என்று படித்திருக்கிறேன். என் மூக்கு அதைத் தெரிந்துகொண்டது அன்றுதான். வெளியே வந்து, தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எவ்ளோ நாளா இப்படிப் போகுது?"

"இன்னாத்துக்குடி அதையெல்லாம் போய்ப் பார்த்துக்கினு நிக்கறே? மாத்திரை குடுத்தாங்கல்ல, அதால."

"மாத்திரைக்கு முன்னாடி?"

அம்மா ஒரு புடவையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். "முன்னாடியும் இருந்துச்சு. அதைப் போய் யார்கிட்ட சொல்றது? வாய்ல வர்ற பேச்சாடி அது?"

நாங்கள் இருவரும் ஓசூரில் ஒரே அறையில் இருக்கிறோம். அப்பா ஊத்தங்கரைப் பக்கம் ஊரில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அம்மா அங்கே களையெடுக்கவும் கடலை பிடுங்கவும் போனவள். இப்போது கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. நான் லேப் டெக்னீஷியன். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையை மெழுகில் புதைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறபடி கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை.

ஐந்தாவது வரிதான் என்னைத் தூங்கவிடாதது. ஏன் என்று சொல்கிறேன். கிருமியால் வந்த புண் என்றால், கிருமியைக் கொன்றால் புண் பெரும்பாலும் திரும்ப வராது. கிருமி இல்லாத புண் என்றால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்து ஆற்றுவார்கள், ஆறிவிடும். ஆனால் கிருமி இருக்கும்போதே இல்லை என்று முடிவு கட்டிவிட்டால், புண் மேலே மூடிக்கொள்ளும், மாத்திரை நின்றதும் திறந்துகொள்ளும். அடுத்த முறை கசியாமல் ஒரேயடியாகக் கொட்டலாம். கம்பெனி பஸ்ஸில் கொட்டலாம். நான் வேலைக்குப் போயிருக்கும்போது பூட்டிய அறையில் கொட்டலாம். அம்மாவின் உயிர் அந்தச் சோதனை சரியா தப்பா என்பதில் மாட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சோதனையை நான் நேரில் பார்த்தேன். குழாய் விட்ட அறையில் ஓரமாக நிற்க விட்டார்கள். அம்மா இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம். அதன் ஓரத்தில் எச்சிலும் கோழையும் நூலாக இறங்கித் தலையணை மேல் விரித்த தாளில் தேங்கின. ஒவ்வொரு முறை குழாய் நகரும்போதும் ஏப்பம், ஒரு மாட்டின் தொண்டையிலிருந்து வருவதுபோல. திரையில் அம்மாவின் வயிற்றின் உட்புறம் ஈரமாக, சிவப்பாக, மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. நடுவில் வெள்ளைச் சீழ் படிந்த ஒரு குழி. கிள்ளியெடுத்த ஒரு துணுக்கைச் சிறிய பிளாஸ்டிக் குப்பியில் இருந்த மஞ்சள் பசையில் போட்டார்கள். கிருமி இருந்தால் பசை இளஞ்சிவப்பாகும்.

அது எதனால் சிவக்கிறது என்பதே அருவருப்பான விஷயம். அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. லேபில் பைலோரி என்போம். எதுவும் உயிரோடு இருக்கமுடியாத அமிலத்தில் அது வாழ்கிறது. எப்படி என்றால், நம் உடம்பின் யூரியாவை எடுத்து அம்மோனியாவாக மாற்றுகிறது. பஸ் ஸ்டாண்ட் மூத்திரச் சந்துக்குள் நுழைந்தால் கண்ணில் எரிகிறதே, அதே அம்மோனியா. அந்த நாற்றத்தைத் தானே தயாரித்து, தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, அதன் நடுவில் பாதுகாப்பாகக் கோழைக்குள் நீந்திப்போய்ப் புதைந்துகொள்கிறது. பசையைச் சிவப்பாக்குவது அந்த அம்மோனியா.

பசை சிவக்கவில்லை. நர்ஸ் ஏற்கெனவே கேட்டிருந்தார்: வலி மாத்திரை சாப்பிடுவீர்களா, அமிலத்துக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா? இரண்டுக்கும் அம்மா இல்லை என்று தலையாட்டியிருந்தாள். குப்பி கடைசி வரை மஞ்சளாகவே இருந்தது.

துணுக்குகள் மறுநாள் லேபுக்கு வந்தன. பாட்டிலை முதலில் பார்த்தது என்னோடு வேலை செய்யும் அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்.

"ஏ பாப்பா, இது உங்கம்மா பேருதானே? வயசும் அதே. வை, நான் பார்த்துக்கறேன்."

"பரவால்லக்கா. நானே பண்ணிடறேன்."

நான் சுலபமாக அருவருப்புப்படுகிறவள் இல்லை. கல் நிறைந்த பித்தப்பைகளைக் கீறித் திறந்திருக்கிறேன். சர்க்கரை நோயாளியின் கறுத்த கால்விரல்கள், கட்டி விழுந்த கருப்பைகள், முடியும் பல்லும் முளைத்திருந்த ஒரு சினைப்பைக் கட்டி எல்லாவற்றையும் கையுறையோடு தூக்கி, அளந்து, வெட்டி, அதன்பிறகு கை கழுவி டீ குடித்திருக்கிறேன். இந்த முறை பாட்டிலின் அடியில் கிடந்தவை நொய்யரிசி அளவுதான். வெளிறிய துணுக்குகள். ஒரு பாட்டிலில் வயிற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்தவை, இன்னொன்றில் மேல்பகுதியிலிருந்து எடுத்தவை. சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. நான் சாப்பிட்ட சோற்றில் ஒரு பருக்கை குறைவாக இருந்திருந்தால் அது அம்மாவின் இந்த வயிற்றுக்குள் போயிருக்கும் என்று சம்பந்தமில்லாமல் தோன்றியது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். வாயில் தண்ணீர் ஊறியது, வாந்திக்கு முன் ஊறுமே, அது.

மெழுகில் புதைந்து அது வெட்டத் தயாரானது ஒரு திங்கட்கிழமை. மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். முந்தைய நாள் செய்த போட்டி வறுவல். ஆட்டின் வயிறு, டவல் போன்ற சொரசொரப்போடு, மிளகில் புரண்டு கிடந்தது.

"சாப்பிடு. நல்லாக் கழுவினது."

"வேணாக்கா."

"உங்கம்மா வயிறு ஞாபகத்துக்கு வருதா?" அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "எனக்கும் முதல்ல அப்படித்தான். அப்புறம் ஆட்டோடது ஆட்டோடது, ஆளோடது ஆளோடதுன்னு ஆயிடுச்சு. நீ உப்புமாவாவது தின்னு."

நான் தயிரை மட்டும் குடித்துவிட்டுப் போய் வெட்டினேன். மெழுகு ரிப்பன் ரிப்பனாக வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுத் தகட்டில் ஏந்திக்கொண்டேன். சாயம் ஏற்றி முடிந்ததும், சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் கடமை. நான் அதற்குத்தான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். சாயம் சரியாகத்தான் பிடித்திருந்தது.

ஆரோக்கியமான வயிற்றின் சுவர் பார்க்க அழகானது என்று பாடத்தில் சொல்வார்கள். ஒழுங்காக இறங்கும் குழிகள், குழிகளுக்கிடையே கொஞ்சம் இடம். அம்மாவுடையதில் அந்த இடமே இல்லை. நெருக்கியடித்துக்கொண்டு வெள்ளையணுக்கள். நீலமும் ஊதாவுமாக, ஞாயிறு சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் மாதிரி. குழிகளின் சுவரையே பிளந்துகொண்டு நியூட்ரோபில்கள் என்ற வகை வெள்ளையணுக்கள் உள்ளே இறங்கியிருந்தன. அவற்றின் கரு மூன்று நான்கு உருண்டைகளாக ஒட்டியிருக்கும், பார்த்தவுடன் அடையாளம் தெரியும். சில குழிகளின் அடியில் செத்த நியூட்ரோபில்கள் குவிந்திருந்தன. அதுதான் சீழ்.

இவை எப்படி வருகின்றன என்பதை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பைலோரி வயிற்றுச் சுவரின் செல்களில் ஒட்டிக்கொண்டு தன் பொருளை உள்ளே செலுத்துகிறது. அந்தச் செல்கள் ரத்தத்துக்குள் வேதிச் செய்தியை விடுகின்றன. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில் அந்த வாசனையைப் பிடித்து, ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டி, நசுங்கி, இரண்டு செல்களுக்கு நடுவில் புகுந்து வெளியே வருகிறது. வந்தபின் அது செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிருமிகளில் பெரும்பகுதி இருப்பது அந்தப் பக்கம், கோழைக்குள். கைக்கு எட்டாது. எட்டாவிட்டாலும் நியூட்ரோபில் தன்னிடம் இருக்கும் விஷத்தையெல்லாம் கக்கிவிட்டுச் சாகிறது. அந்த விஷம் அம்மாவின் சுவரில் படுகிறது. சுவர் அரித்து, அதிலிருந்து ஊறி வரும் நீரையும் சத்தையும் கிருமி தின்கிறது. காப்பாற்ற வந்தவை வாந்தியெடுக்கின்றன, திருட வந்தது அதை நக்கிக் குடிக்கிறது.

பின்னால் மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. அவை பெரிய செல்கள், விழுங்குவதே வேலை. பைலோரியையும் விழுங்குகின்றன. பல நேரம் விழுங்கியதைச் செரிக்க முடியாமல், உயிரோடு இருக்கும் கிருமியைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அதற்கும் பின்னால் லிம்போசைட்டுகள், இன்னொரு வகை வெள்ளையணுக்கள். அவை வந்த வேலை முடிந்து திரும்பிப் போவதில்லை. இரைப்பையில் இயல்பாக அவற்றுக்கு வீடு கிடையாது. ஆனால் அம்மாவின் தகட்டில் வட்ட வட்டமாக அவை குடியிருப்பு கட்டியிருந்தன. இங்கே சிப்காட் வந்தபின் ஏரிக்கரையில் லைன் வீடுகள் முளைத்ததுபோல, ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவை. அவற்றுள் ஒரு வகை, மற்றவற்றைப் பார்த்து "போதும், விடு" என்று அடக்குகிறது. சண்டை முற்றினால் வயிறே போய்விடும் என்பதால் ஒரு சமாதானம். அந்தச் சமாதானத்தில்தான் கிருமி ஒரு மனுஷியின் ஆயுள் முழுக்க உயிரோடு இருக்கிறது. வெறும் வயிற்றில் எரிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கிற அம்மாவுக்கு ஏற்ற வயிறு.

கிருமியைத் தேடினேன். ஒன்றுகூட கண்ணில் படவில்லை.

சாயங்காலம் எங்கள் டாக்டர் மேடம் தகடுகளைப் பார்த்தார். தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலிருந்து வருகிறவர். தமிழில் கன்னடம் தானாகக் கலந்துவிடும். இது யாருடையது என்று அக்கா சொல்லியிருந்தார் போலிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேர் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் எதிரே உட்காரச் சொன்னார்.

"இங்க நோடு, பாரு. என்ன இருக்கு?"

"நியூட்ரோபில், மேடம்."

"எவ்வளவு?"

"நிறைய."

"ஆர்கனிசம்? கிருமி?"

"நான் பார்த்த வரைக்கும் இல்ல. அங்கயும் நெகட்டிவ்னு சொல்லிட்டாங்க."

மேடம் தகட்டை நகர்த்திக்கொண்டே இருந்தார். "பாவம், இந்த நியூட்ரோபில் கூப்பிடாம வர்ற ஜாதி இல்லம்மா. இங்க இவ்வளவு பேர் இறங்கியிருக்காங்கன்னா கூப்பிட்டவன் எங்கயோ இருக்கான். அமிலம் குறையற மாத்திரை ஏதாவது சாப்பிட்டா இவன் கீழ்ப்பகுதியை விட்டு மேல போய் ஒளிஞ்சுக்குவான், சோதனையும் பொய் சொல்லும். ஆனா இந்த செல்லுங்க அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. உங்கம்மா கேஸ் மாத்திரை போடறாங்களா?"

"இல்லன்னு சொன்னாங்க, மேடம்."

"நர்ஸ்கிட்ட சொன்னாங்க. நீ கேளு."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, தரையில் காலை நீட்டி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேஸ் மாத்திரை போடறியாம்மா?"

"எத்தினி வாட்டிடி கேப்பீங்க? நான் எந்த மாத்திரையும் வாங்கறதில்ல, போடறதில்ல. பையை வேணா கொட்டிப் பாரு."

"வயிறு எரிஞ்சா கம்பெனில இன்னா பண்ணுவே?"

"அங்க எங்க எரியுது? காலையில போட்டுவுட்டுடுவாங்களே."

"என்ன போட்டுவுடுவாங்க?"

அம்மா என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதன்பின் சொன்னது இது. கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும். யாரும் சாப்பிட்டுவிட்டு ஏறுவதில்லை. வெறும் வயிற்றில் ஒரு டீ, அதன்பின் இடைவேளை வரை நிற்க வேண்டும். முன்பு ஆளாளுக்கு நெஞ்சு எரிகிறது, கேஸ் அடைக்கிறது என்று உட்கார்ந்துவிட, லைன் நிற்கும். அதனால் லைன் லீடர் முதலுதவி அறையிலிருந்து அட்டை அட்டையாக மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வாள். எல்லோரும் கையுறை மாட்டி, வயரைக் கையில் எடுத்தபிறகு, அவள் லைன் நெடுக நடந்துவருவாள்.

"தின்னேலி பக்கத்துப் பொண்ணு. 'எக்கா, வாயத் தொறங்க'ன்னும். தொறந்தா உள்ள போட்டுவுட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும். கையில கிளவுஸ் இருக்குதுல்ல, நாங்க எப்படி எடுக்கறது?"

"தினமுமா?"

"தினமும்தான். லீவு நாள்ல இல்ல."

"அது மாத்திரை இல்லையாம்மா? நர்ஸ் கேட்டப்போ ஏன் சொல்லல?"

"நீ போடறியான்னு கேட்டாங்க. நான் எங்க போட்டேன்? அது போட்டுவுட்டுச்சு. கிளவுஸ் குடுக்கறாங்க, தொப்பி குடுக்கறாங்க, அந்த மாதிரி. ஆஸ்பத்திரில போய் கம்பெனில கிளவுஸ் குடுக்கறாங்கன்னா சொல்லுவாங்க?"

எனக்கு உடனே வந்தது கோபம் இல்லை, அருவருப்பு. ஒரே விரல்கள். ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு, நாக்கில் பட்டு, எச்சில் ஈரத்தோடு அடுத்த நாக்குக்கு, லைனின் கடைசி வரை. வெற்றிலை போடுகிற வாய், பல் சொத்தையான வாய், காலையில் பல்லே விளக்காத வாய். வயிற்றிலிருந்து எதுக்களித்து வாய்க்கு வந்த எதுவும் அந்த விரலில் ஏறிப் போய்விடும். அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"ச்சீ, சும்மா கெட. உனக்கு எதைப் பார்த்தாலும் ச்சீ. சின்னதுல உனக்கு மல்லாட்டையை மென்னு மென்னு வாய்ல வெச்சேன், அப்போ ச்சீன்னியா? கொல்லையில கடலை புடுங்கறப்போ எல்லாருந்தான் புள்ளைங்களுக்கு மென்னு குடுப்போம். நல்லாத் தின்னுட்டு இப்போ இன்னாமோ பேசறே."

அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தாலும், வெதுவெதுப்பான, கொழகொழத்த, பாதி இனித்த அந்தக் கூழ் நாக்கில் ஏதோ ஓரத்தில் இருப்பதுபோல இருந்தது. பைலோரி பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள், வாயிலிருந்து வாய்க்குத்தான் வருகிறது. அம்மாவுக்கும் அப்படி யாரோ மென்று கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் மேடத்திடம் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "மேல்பகுதித் துணுக்குக்கு வேற சாயம் போடு" என்றார். கிருமியை மட்டும் தனியாகக் காட்டும் நீலச் சாயம். போட்டேன். இந்த முறை எண்ணெய்ச் சொட்டு வைத்து, மிகப் பெரிதாக்கிப் பார்த்தோம். குழிகளின் ஆழத்தில், கோழைக்குள், இருந்தன. அதிகம் இல்லை. கமா மாதிரி வளைந்த நீலக் கீற்றுகள், சில ஒன்றோடொன்று ஒட்டி, பறவையின் இறகு வரைந்ததுபோல. சில உருண்டையாகச் சுருண்டு பதுங்கியிருந்தன. அவை செத்து, சாயம் ஏறியவை என்று தெரியும். தெரிந்தும் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"சொன்னேன் பாரு," என்றார் மேடம். "மேல்மாடிக்குப் போயிட்டான்." ரிப்போர்ட்டை எழுதி, அம்மாவைப் பார்க்கும் வயிற்று டாக்டருக்கு அவரே போன் செய்தார்.

சிகிச்சை நான் எதிர்பார்த்ததைவிட அசிங்கமாக இருந்தது. கைநிறைய மாத்திரைகள், ஒரு நாளைக்குப் பலமுறை. அம்மாவுக்கு வாயெல்லாம் பழைய தகரத்தை நக்கியது போன்ற கசப்பு. நாக்கு கறுத்துப்போனது. மலமும் கறுத்தது. அந்த மருந்துக்கு அப்படித்தான் ஆகும். ஆனால் மருந்தின் கறுப்பா ரத்தத்தின் கறுப்பா என்று யாராவது பார்த்துப் பிரித்தாக வேண்டும். ஆகவே காலையில் அம்மா கழிப்பறைக் கதவைத் திறந்து, "வந்து பார்த்துட்டுப் போ, மகாராணி" என்று கூப்பிடுவாள். நான் மூக்கில் துப்பட்டாவை அழுத்திக்கொண்டு குனிந்து பார்ப்பேன். ஒட்டுகிறதா, மினுக்கிறதா, அந்த இரும்பு நாற்றம் இருக்கிறதா. இல்லை என்றதும் தண்ணீர் ஊற்றுவேன். இரண்டு பேரும் அதைப்பற்றி வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை. ஒரு நாள் அம்மா சோற்றைப் பிசைந்து, வாயருகே கொண்டுபோய், தட்டிலேயே வாந்தியெடுத்தாள். மாத்திரை கரையாமல் அதில் கிடந்தது. "இதுக்கு அந்தக் கிருமியே தேவலாம்" என்றாள். நான் தட்டைக் கழுவிவிட்டு வேறு மாத்திரையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள், தன் கையால்.

அதைவிடக் கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. கிருமி போய்விட்டதா என்று மலத்தில் சோதிக்க வேண்டும். அதற்கு முன் சில வாரம் அமில மாத்திரை எதுவும் வயிற்றில் இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடியும் அதே பொய். அதாவது அம்மா லைனில் வாயைத் திறக்கக் கூடாது.

முதல் நாள் சாயங்காலம் வந்து சொன்னாள்: "வாயை மூடிக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு மாத்திரையை வெச்சிக்கினு நிக்குது. 'எக்கா, பல்லு கிட்டிருச்சா?'ன்னுது. பக்கத்துல இருக்கறவ, 'பொண்ணு லேப்ல இருக்குதுல்ல, கம்பெனி மாத்திரை எறங்குமா?'ன்றா."

"டாக்டர் வேணாம்னாருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வாயைத் தொறந்தா போட்டுவுட்டுடுமே!"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே எரிந்தது. மாத்திரையை நிறுத்தியதும் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கும். மதியத்துக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், லைன் லீடர் மேலே பதில் சொல்ல வேண்டும், ஒப்பந்தக்காரர் அம்மாவை நாளைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லலாம். விடியலில் எழுந்து இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் பஸ் ஏறக் கூடாது என்று நான் கண்டிஷன் போட்டேன். தினமும் நானே ஊட்டாத குறை. தூக்கத்தில் சாப்பிடும் இட்லி குமட்டுகிறது என்று திட்டிக்கொண்டே விழுங்குவாள். ஒரு முறை பஸ்ஸிலேயே எதுக்களித்து, துப்ப இடமில்லாமல், புளித்த அதைத் திரும்ப விழுங்கியதாகச் சொன்னாள். எனக்குக் கேட்கவே முடியவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை என்றாள்.

சோதனைக்கு மலம் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. நான் லேபிலிருந்து மூடி போட்ட பாட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அம்மா குளித்துவிட்டு வந்து என் கையில் ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்தாள். கனமாக இருந்தது.

"இது எதுக்கு? நான் கேன்டீன்ல சாப்பிட்டுக்கறேன்."

"அதுக்குள்ளதாண்டி இருக்குது. பாட்டிலை அப்படியே எடுத்துக்கினு போனா பஸ்ல பார்க்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

திறந்து பார்த்தேன். பாட்டிலை இரண்டு கவரில் சுற்றி, சுற்றிலும் துணி அடைத்து, நான் பல வருடம் தயிர் சாதம் கொண்டுபோன பாக்ஸில் வைத்திருந்தாள். பஸ் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி, "இன்னைக்கு என்னம்மா கொழம்பு?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த பாக்ஸ் இப்போது என்னிடம் இல்லை.

ஒரு வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவரும் பார்த்துக்கொள்வது நல்லது என்று மேடம் சொல்லியிருந்தார். அதனால் அதே வாரம் என்னுடையதையும் கொடுத்தேன், பாட்டிலில், பாட்டிலாகவே. அக்கா வாங்கி எண் ஒட்டிவிட்டு, "குடும்பத்தோட வந்துட்டீங்களா?" என்றார்.

இப்போதைய நிலை இது. அம்மாவுக்கு நெகட்டிவ், இந்த முறை மாத்திரை எதுவும் இல்லாத வயிற்றில். மலம் பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டது, அதை நான் இனி பார்க்க வேண்டியதில்லை. ரத்த அளவு ஏறிக்கொண்டிருக்கிறது. புண் ஆறிவிட்டதா என்று பார்க்க இன்னொரு முறை குழாய் விடுவார்கள். நியூட்ரோபில்கள் இதற்குள் கலைந்திருக்கும், லிம்போசைட்டுகள் கிளம்ப இன்னும் நெடுநாள் ஆகும் என்கிறார் மேடம். லைனில் இன்றும் காலையில் வாய் திறக்கச் சொல்கிறார்கள். அம்மாவைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போகிறார்கள். எனக்குப் பாசிட்டிவ். மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன், வாயில் தகரம் கசக்கிறது.